ஒருபுறம் வெட்டிய வெள்ளை உடை

1993 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழ் ஒரு பெண்ணின் படத்தை அட்டையில் போட்டது. உயரமான, மெலிந்த பெண். தலையில் வெள்ளைத் துணியைச் சுற்றியிருக்கிறார். உடம்பைப் பிடித்த வெள்ளை உடை. மாலை விருந்துக்குப் புறப்பட்டவர் மாதிரி இருக்கிறார். ஆனால் உடையின் வலப்புறம் மார்பருகே வெட்டி நீக்கப்பட்டிருக்கிறது. அங்கே மார்பு இல்லை, தழும்பு இருக்கிறது. படத்தில் இருப்பவரும் அதை எடுத்தவரும் ஒருவரே: மட்டுஷ்கா. முன்பு மாடலாக இருந்தவர், பிறகு ஓவியமும் புகைப்படமும் செய்தவர், 1991-இல் மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பை இழந்தவர்.

இந்தப் படத்தில் தழும்பைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது தையல். முழு நிர்வாணமாக நின்றிருந்தால் அது மருத்துவமனைக் கோப்பில் சேரும் படமாகியிருக்கும், அல்லது வழக்கமான நிர்வாண ஓவியங்களின் வரிசையில் போய் நின்றிருக்கும். மட்டுஷ்கா இரண்டையும் தவிர்த்தார். மற்ற எல்லாவற்றையும் கச்சிதமாக மூடி, மூடச் சொல்லி உலகம் வற்புறுத்தும் அந்த ஓர் இடத்தை மட்டும் திறந்து வைத்தார். கத்தி போன வழியிலேயே கத்தரிக்கோலும் போயிருக்கிறது. கண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஃபேஷன் படங்களில் கற்ற வித்தை முழுவதையும், ஃபேஷன் உலகம் ஒருபோதும் காட்டாத ஒன்றுக்காகச் செலவழித்திருக்கிறார்.

முகத்தையும் கவனிக்க வேண்டும். இனி நீங்கள் பார்வையைத் திருப்பிக்கொள்ள முடியாது என்ற பொருளில் அட்டையில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பவர் மட்டுஷ்காதான். நேராக நம்மைப் பார்த்திருந்தால் நாம் அவர் கண்களைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்போம். ஒரு இரக்கப் பார்வையைப் பதிலுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். அந்த வசதியை அவர் தரவில்லை.

இது ஸ்டுடியோவிலேயே பிறந்து வளர்ந்த படம் என்று நினைத்தால் பாதிதான் புரியும். பெண்களின் உடல்நல உரிமைக்காகத் தெருவில் இறங்கிய வாம் என்ற நியூயார்க் குழுவில் மட்டுஷ்கா இருந்தார். 1991-இல் சுதந்திர தேவி சிலையில் பேனர் தொங்கவிட்டவர்கள் அந்தக் குழுவினர். எய்ட்ஸ் போராளிகளிடமிருந்து வந்த நாடகத்தனம் அவர்களிடம் நிறைய உண்டு. தன் உடலைத் தானே படமெடுத்துச் சுவரொட்டியாக்கிக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனவர் மட்டுஷ்கா. பத்திரிகை அட்டைக்கு வருவதற்கு முன்பே அந்த உடல் பொது இடத்தில் ஒரு கோரிக்கையாக நடமாடிவிட்டது.

இதற்கெல்லாம் முன்னோடி ஒரு கவிஞர். ஆட்ரி லோர்ட் 1978-இல் ஒரு மார்பை இழந்தார். செயற்கை மார்பு பொருத்தாமல் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, இப்படி வருவது இங்கே மற்றவர்களின் மனத்தெம்பைக் குலைக்கும் என்று ஒரு செவிலி சொன்னாராம். இஸ்ரேலியத் தளபதி மோஷே தயான் ஒற்றைக் கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உலகமெல்லாம் சுற்றுகிறாரே, அவரிடம் யாராவது கண்ணாடிக் கண் வைக்கச் சொன்னார்களா என்பது லோர்டின் கேள்வி. 1980-இல் வந்த ‘கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலில் இன்னொன்றையும் கற்பனை செய்கிறார்: ஒற்றை மார்புப் பெண்களின் படையொன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, மாட்டுத் தீவனத்தில் ஹார்மோன் கலப்பதைத் தடைசெய்யச் சொன்னால் எப்படியிருக்கும்? சட்டம் கேட்கும் நிகழ்த்துகலைக்கு இதைவிடச் சுருக்கமான காட்சிக்குறிப்பு எனக்குத் தெரியாது.

கண்ணகி நினைவுக்கு வராத தமிழ் வாசகர் இருக்க முடியாது. ஆனால் அந்த ஒப்புமையை நான் நீட்டப் போவதில்லை. கண்ணகி தன் கையாலேயே திருகி எறிந்தாள், ஊர் எரிந்தது, தெய்வமானாள். இவர்கள் யாருக்கும் தெய்வமாகும் உத்தேசம் இல்லை. ஆராய்ச்சிக்குப் பணமும் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸும் கேட்டார்கள்.

பணம் வந்தது, வேடிக்கையான ஒரு கதவு வழியாக. 1991-இல் தொடங்கிய தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பு முதலில் ஆறு லட்சம் கடிதங்களைத் திரட்டி வாஷிங்டனில் கொண்டுபோய்க் கொட்டியது. 1992-இல் நாடாளுமன்றம் ஆராய்ச்சிக்கு 21 கோடி டாலர் ஒதுக்கியது, அதுவும் பாதுகாப்புத் துறையின் பட்ஜெட்டில். நிர்வகித்தது ராணுவம். அதே ஆண்டு நவம்பரில் லோர்ட் இறந்தார். அவர் கற்பனை செய்த படை வரவில்லை. படையின் கஜானா திறந்தது. அடுத்த அக்டோபரில் 26 லட்சம் கையெழுத்துகள் அதிபர் கிளிண்டனிடம் போய்ச் சேர்ந்தன. அட்டைப்படத்தால்தான் இதெல்லாம் நடந்தது என்றால் அது ரசிகனின் மிகை. அமைப்பாகத் திரண்டு உழைத்தவர்கள் வேறு பலர்.

எண்ணிக்கை மேடையிலும் பேசும். லிண்டா பார்க்-ஃபுல்லர் என்ற நாடகப் பேராசிரியர் தன் நோயைத் தானே தனியாக நடித்துக் காட்டினார். மேடையில் ஒரு டைமர். கதை சுவாரசியமாகப் போகும்போது அது அடிக்கும். அந்த இடைவெளியில் நாட்டில் இதே நோயால் இன்னொரு பெண் இறந்திருக்கிறாள் என்று கணக்கு. சிரித்துக்கொண்டிருக்கும் அரங்கில் அது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1998-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட பெண்கள் உடல்நல, புற்றுநோய் உரிமைச் சட்டம், மார்பகம் அகற்றும் அறுவைக்குப் பணம் தரும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுசீரமைப்புக்கும் செயற்கை மார்புக்கும் தர வேண்டும் என்கிறது. இரு மார்பும் சமச்சீராகத் தெரிவதற்காக நோயில்லாத மார்பில் செய்யும் அறுவைக்கும்கூட. கேட்ட பெண்களுக்கு அது பெரிய நிம்மதிதான். ஆனால் பாருங்கள், லோர்டும் மட்டுஷ்காவும் சமச்சீரின்மையைத்தான் பொதுவில் வைத்தார்கள். நாடாளுமன்றம் சமச்சீரைச் சட்டமாக்கியது. இன்ஷூரன்ஸே இல்லாதவளுக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

மட்டுஷ்காவிடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. தழும்பைத் தாங்கி நிற்பது ஒரு மாடலின் உடல். ‘சேதத்திலிருந்து அழகு’ என்று தலைப்பே வைத்துவிட்டார். தொந்தி விழுந்த, வயதான உடலாக இருந்தால் அந்தப் பத்திரிகை அட்டையில் போட்டிருக்குமா? பிரிட்டனில் ஜோ ஸ்பென்ஸ் அந்த அபாயத்தை 1982-லேயே எடுத்தார். அறுவைக்கு முன் தன் இடது மார்பின் மேல் பேனாவால் ‘ஜோ ஸ்பென்ஸின் சொத்து?’ என்று எழுதிப் படமெடுத்துக்கொண்டார். ஒப்பனை இல்லை, நடுவயது உடல், எந்த வீட்டிலும் எடுத்திருக்கக்கூடிய படம். அரசு மருத்துவமனையில் பணப் பிரச்சினை இல்லை. யார் முடிவெடுப்பது என்பதுதான் வழக்கு. மார்பு முழுவதையும் அகற்ற மறுத்து, கட்டியை மட்டும் எடுக்கச் செய்தார். படத்தைத் தாயத்து மாதிரி மருத்துவமனைக்கு எடுத்துப்போனார். சொத்து என்று அடித்துச் சொல்லாமல் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டாரே, அந்தச் சந்தேகம் மட்டுஷ்காவின் நேர்த்தியில் எங்கேயும் இல்லை.