உரியவர்கள் இல்லாத கடன்: ‘ஏஞ்சல்’ தொடரும் தவ்பாவும்

பாவி திருந்துவது உலக இலக்கியம் நெடுங்காலமாகப் பேசிவரும் பொருள். அதனை அமெரிக்கத் தொலைக்காட்சி எடுத்தாண்ட விதத்துக்கு ‘ஏஞ்சல்’ என்னும் தொடர் குறிப்பிடத்தக்க சான்று. ஜாஸ் வீடனும் டேவிட் க்ரீன்வால்ட்டும் உருவாக்கிய இத்தொடர் 1999 அக்டோபர் முதல் 2004 மே வரை, ஐந்து பருவங்களில் 110 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. கதாநாயகன் இரத்தம் குடிக்கும் காட்டேரி என்பதால் இதைப் பேய்க்கதை என்று நானும் ஒதுக்கியிருந்தேன். தவ்பா பற்றிய பாடத்தின் இடையே மாணவர் ஒருவர், “கொல்லப்பட்டவர் மன்னிப்பதற்கு உயிரோடு இல்லையே, கொன்றவர் யாரிடம் போவார், ஹஜ்ரத்?” என்று கேட்டார். அக்கேள்வி தமக்குள் எழக் காரணம் இத்தொடரே என்றும் சொன்னார். அதன் பின்னரே நான் இதைப் பார்க்கத் தொடங்கினேன்.

அயர்லாந்தின் கால்வே நகரில் வாழ்ந்த லியம் என்னும் ஊதாரி இளைஞன் 1753இல் டார்லா என்னும் காட்டேரியால் தானும் காட்டேரியாகிறான். ‘ஏஞ்சலஸ்’ என்ற பெயரில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் குடும்பம் குடும்பமாகக் கொன்று திரிகிறான். 1898இல் ரோமா இனப் பெண் ஒருத்தியைக் கொன்றபோது, அவளுடைய குலத்தார் பழிவாங்கும் நோக்கில் அவனுக்கு ஆன்மாவைத் திருப்பித் தந்துவிடுகின்றனர். செய்த கொலைகள் அனைத்தும் நினைவில் இருக்க, அவற்றை உணர்ந்து வருந்தும் உள்ளமும் வந்து சேர்கிறது. அதுவே தண்டனை. முழு மகிழ்ச்சியை ஒரு கணம் அவன் நுகர்ந்தாலும் ஆன்மா பறிபோய்விடும் என்பது அச்சாபத்தின் நிபந்தனை. பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆதரவற்றோருக்கு உதவும் துப்பறியும் நிலையமொன்றை அவன் நடத்துவதே தொடரின் களம்.

ஆன்மா இல்லாத நிலையில் செய்த குற்றங்களுக்கு அவன் பொறுப்பாவானா என்பது முதல் கேள்வி. தொடர் இதில் தடுமாறுகிறது. ஏஞ்சலஸ் வேறு ஆள் என்பதுபோல் சில இடங்களிலும், அவனும் இவனும் ஒருவனே என்று சில இடங்களிலும் பேசுகிறது. நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் இங்கே நுட்பமானதொரு வேறுபாட்டைக் காட்டியுள்ளனர். சித்த சுவாதீனமற்றவர் மீது பாவம் எழுதப்படுவதில்லை. ஆயினும் அவரால் அழிந்த பொருளுக்கு ஈடு தர வேண்டும், கொலையானால் தியத் உண்டு. குற்றம் வேறு, ஈடு வேறு. ஏஞ்சலின் நிலையும் இதற்கு ஒப்பானதே. குற்றவாளியா அல்லவா என்னும் வழக்கு முடியாதபோதும் கடன் நிற்கிறது. கதாசிரியர்கள் வாதத்தால் தெளிவாக்காத இதனைக் கதை நிகழ்வுகளால் உணர்த்திவிடுகின்றனர்.

முதற்பருவத்தில் ஃபெய்த் என்னும் இளம்பெண் தோன்றுகிறாள். கொலையும் சித்திரவதையும் புரிந்த அவள், தன்னைக் கொன்றுவிடுமாறு ஏஞ்சலிடம் அழுது மன்றாடுகிறாள். அவன் மறுத்து அடைக்கலம் தருகிறான். முடிவில் அவள் தானாகவே காவல் நிலையம் சென்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். அழுகையோடு நில்லாமல் உரியவர்களுக்கு முன் போய் நின்றதால், இத்தொடரில் தவ்பாவின் இலக்கணத்துக்கு மிக நெருங்கி வந்தவள் அவளே. மூன்றாம் பருவத்தில் வரும் ஹோல்ட்ஸ் இதற்கு எதிர்ப்பக்கம். 1764இல் ஏஞ்சலஸால் மனைவி மக்களை இழந்த அவன், மாயத்தால் காலம் கடந்து நிகழ்காலத்துக்கு வருகிறான். ஏஞ்சல் திருந்திவிட்டான் என்ற செய்தி அவனுக்கு ஆறுதல் தரவில்லை. ஏஞ்சலின் கைக்குழந்தையையே கவர்ந்து செல்கிறான். அவனுடைய பழிவெறியை நாம் ஏற்க இயலாது. ஆனால் பாவியின் கண்ணீர் பாதிக்கப்பட்டவரின் உரிமையைத் தீர்த்துவிடாது என்பதை மறக்கவும் அவன் விடுவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வின் தவ்பா பற்றிய நூலில், அடியார்களின் உரிமைகளைக் கணக்கிட்டு, உரியவர்களைத் தேடிச் சென்று தீர்க்குமாறு பணிக்கிறார்கள். தேடியும் கிடைக்காதவர்களுக்காக நன்மைகளைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். மறுமையில் அவர்களுக்கு அதிலிருந்து ஈடு எடுத்துக் கொடுக்கப்படும். ஏஞ்சல் செய்வது இதன் பாதியே. இறந்துபோனவர்களுக்குத் திருப்பித் தர வழியின்றி, முன்பின் அறியாதவர்களுக்கு உதவுகிறான். அந்த நன்மையை உரியவருக்குக் கொண்டு சேர்க்கும் நீதிமன்றம் அவனுடைய உலகில் இல்லை. அங்கே தெய்வீக ஆற்றல்கள் இருக்கின்றன, மன்னிப்பவன் இல்லை. இரண்டாம் பருவத்தில் அவன் நிராசையுற்று, தீய வழக்கறிஞர்களைக் காட்டேரிகளுக்கு இரையாக விட்டுக் கதவைப் பூட்டிச் செல்வதும் இந்த வெறுமையின் விளைவே. பின்பு ஒரு பெண்ணைத் தற்கொலையிலிருந்து காப்பாற்றும்போது, பலன் கிட்டாவிட்டாலும் துயர் துடைப்பதே செய்யத்தக்கது என்று தெளிகிறான். உயர்ந்த தெளிவுதான். ஆயினும் மீளுதல் என்பதே தவ்பா என்னும் சொல்லின் பொருள். யாரிடம் மீள்வது என்பதற்கு அவனிடம் விடை இல்லை.

ஆன்மா பெற்ற காட்டேரி ஒருநாள் மனிதனாவான் என்றொரு முன்னறிவிப்பு தொடர் நெடுகிலும் அவனுக்கு நம்பிக்கை ஊட்டுகிறது. இறுதிப் பகுதியில், பகைவரை ஏமாற்றும் திட்டத்தின் பொருட்டு அந்த உரிமையை அவன் தன் இரத்தத்தால் கையெழுத்திட்டுத் துறந்துவிடுகிறான். கூலியை எதிர்பாராத இச்செயலில் இஃக்லாஸின் சாயல் உண்டு. அடைமழையில் பெரும்படையை எதிர்கொள்ளும் தருணத்தில், வெற்றி தோல்வி சொல்லப்படாமல் தொடர் முடிகிறது.

தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவர் குறித்த புகழ்பெற்ற நபிமொழியிலும் மனிதர் வழியிலேயே இறக்கிறார்; பயணம் முடியவில்லை. ஆனால் தூரத்தை அளப்பதற்கு அங்கே வானவர்கள் வருகின்றனர். கொலைகாரரின் தவ்பாவை ஏற்கும்போது கொல்லப்பட்டவரை நிறைவுறச் செய்யும் பொறுப்பை இறைவனே ஏற்கிறான் என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) விளக்குகிறார்கள். மாணவரின் கேள்விக்கு நான் சொன்ன விடை அதுதான். சொல்லும்போதே எனக்கொன்று உறைத்தது. அந்த நபிமொழியைப் பல ஆண்டுகள் மிம்பரில் ஓதியிருக்கிறேன். இறையருளின் விரிவைச் சொல்லியிருக்கிறேன். இறந்துபோன அந்தத் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. மன்னிப்பவனை அறியாத இத்தொடர் அவர்களை மறக்கவில்லை.