கேள்வி கேட்கும் பையன்

சரித்திரம் என்றால் ராஜாக்களின் பெயரும் வருஷக் கணக்கும்தான் என்று பள்ளிக்கூடங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு நாவலாசிரியர் முன்வந்தார் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். அமெரிக்கரான ஜான் கிரீன், 2012 ஜனவரியில், 'கிராஷ் கோர்ஸ்' என்ற பெயரில் யூட்யூபில் உலக சரித்திரம் சொல்ல ஆரம்பித்தார். விவசாயம் பிறந்ததிலிருந்து உலகமயம் வரையில் 42 பாடங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அவருக்குப் பள்ளியில் சரித்திரம் கற்பித்த ராவுல் மேயரும் சேர்ந்து எழுதியவை. பல வகுப்புகளில் இவற்றைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

நல்ல காரியம்தான். ஏதாவது ஒரு பொது விதியைச் சொன்ன கையோடு, "மங்கோலியர் மட்டும் விலக்கு" என்று குதிரைப்படையைப் பாயவிடுகிறார். சிரித்துக்கொண்டே, சரித்திரத்தில் எந்த விதிக்கும் விலக்கு உண்டு என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

ஆனால் ஓர் ஆட்சேபம் உண்டு. பள்ளி மாணவனாக இருந்த பழைய ஜான் ஒருவனும் இந்தப் படங்களில் வருகிறான். முதல் பாடத்திலேயே, இது பரீட்சைக்கு வருமா என்று கேட்கிறான். பெரிய ஜான் அவனை மடக்குகிறார். அருமையான பாத்திரம். ஒரு நாவலாசிரியருக்குத்தான் இந்த யுக்தி தோன்றும். வீட்டில் தனியாகப் பார்க்கிறவனுக்கு அவன் நல்ல துணை. வகுப்பிலோ அவன் நாற்பது பிள்ளைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறான். கேள்வியும் திரையில், பதிலும் திரையில்! பெஞ்சியில் இருப்பவன் எதற்காகக் கை தூக்க வேண்டும்?

நாவலில் வாசகன் பாத்திரத்தின் வாயால் பேசினால் போதும். பாடத்தில் மாணவன் சொந்த வாயால் தட்டுத் தடுமாறிப் பேசியாக வேண்டும்.

படத்தை நிறுத்தினால் போயிற்று என்பீர்கள். உண்மைதான், எங்கே நிறுத்துவது என்பதில்தான் உபாத்தியாயரின் சாமர்த்தியம் இருக்கிறது. முதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயத்தால் மனிதன் அடைந்த லாபத்தோடு நஷ்டத்தையும் கிரீன் சொல்லிவிடுகிறார். அவர் சொல்வதற்கு முன்பே படத்தை நிறுத்தி, "வேட்டையாடித் திரிந்தவன் எதற்காகக் கலப்பை பிடித்தான்? அதனால் அவனுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கட்டும். தானியம் சேர்ந்தது என்பான் ஒருவன். முதுகு ஒடிந்தது என்பாள் ஒருத்தி. அந்தச் சண்டை ஓய்ந்த பிறகு படம் ஓடட்டும். பன்னிரண்டு நிமிஷப் படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் ஆகட்டுமே!