மனத்தைக் காக்கும் மந்திரங்கள்: நான்கு மரபுகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திர விளையாட்டுகளில், வாள்வெட்டு பறிப்பது பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகளை. வசிய மந்திரம் பறிப்பதோ, அந்தப் பாத்திரத்தை ஆடுபவரின் முடிவெடுக்கும் உரிமையை. அதுவும் போனால் அவர் வெறும் பார்வையாளர். எனவே, ஒரு விளையாட்டு தன் ஆட்டக்காரரை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு அதன் மனக்காப்பு மந்திரங்களே உரைகல்.

முதலாவது, துவந்த யுத்த மரபு. 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் 'சையானிக்ஸ்' என்னும் மனவாற்றல் 1976இல் நுழைந்தது. 1978இன் 'அட்வான்ஸ்ட்' பதிப்பு தாக்க ஐந்து முறைகளும் தடுக்க ஐந்து முறைகளும் வகுத்தது. 'டவர் ஆஃப் அயர்ன் வில்' அவற்றுள் புகழ்பெற்றது. எதிராளி எதை ஏவுவார் என்று கணித்துத் தற்காப்பைத் தேர்வது நல்ல வியூகம். ஆனால் அந்த ஆற்றல் அரிதாகவே வாய்க்கும். மற்றவர்கள் கைகட்டிக் காத்திருந்தார்கள்.

இரண்டாவது, முன்கூட்டியே ஓதும் மரபு. அதே விளையாட்டின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் 'ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட்' முதல்நிலை மந்திரம். ஓதியவர் கவனம் சிதறாதவரை பத்து நிமிடம் நிற்கும். வசியத்தையும் அச்சுறுத்தலையும் குறிப்பிட்ட சில இன உயிர்களிடமிருந்து மட்டுமே தடுக்கும். எட்டாம் நிலையின் 'மைண்ட் பிளாங்க்' 24 மணி நேரம் வசியம் எதையும் அண்டவிடாது. முதல் மந்திரத்தில் எப்போது ஓதுவது என்ற பதற்றம் உண்டு. இரண்டாம் மந்திரம் அந்தப் பதற்றத்தையே துடைத்துவிடுகிறது.

மூன்றாவது, உள்வலிமை மரபு. 1978இன் 'ரூன்குவெஸ்ட்', 1981இன் 'கால் ஆஃப் கதுலு' ஆகியவற்றில் ஆன்மசக்தியோடு ஆன்மசக்தி மோதும். இரண்டும் சமமென்றால் வெற்றிவாய்ப்பு 50 விழுக்காடு. ஒவ்வொரு புள்ளி வேறுபாட்டுக்கும் ஐந்து விழுக்காடு ஏறும் அல்லது இறங்கும். கதுலுவில் சித்தத் தெளிவும் புள்ளிக் கணக்கில் கரைகிறது. காப்பு அரிதாகக் கிடைப்பதுதான் அங்கே அச்சத்தின் ஊற்று.

நான்காவது, நியம மரபு. 1987இல் ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரெய்ன்-ஹேகனும் படைத்த 'ஆர்ஸ் மாஜிகா'வில் 'பார்மா மாஜிகா' என்னும் காப்பு உண்டு. சூரிய உதயத்திலும் அஸ்தமனத்திலும் அது கலையும். மந்திரவாதி மீண்டும் சடங்கு செய்தாக வேண்டும். விரும்பினால் தோழர்களுக்கும் அதைப் பகிரலாம். பகிர்ந்தால் அதன் வலு குறையும். ஒருவரையொருவர் அஞ்சிய மந்திரவாதிகள் ஒரு சபையாகக் கூட முடிந்ததே இந்தக் காப்பால்தான் என்கிறது அந்த விளையாட்டின் கதை.

இவற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். காப்புக்கு விலை இருக்க வேண்டும். அதன் எல்லை ஆட்டக்காரருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைப் பிறருக்கும் நீட்ட வழி வேண்டும். மூன்றும் முழுமையாகக் கூடிய பார்மா மாஜிகாவையே இந்தக் கலையின் உச்சமாக மதிக்கிறேன். தன் வலுவைக் குறைத்துக்கொண்டு தோழனைக் காக்கலாமா என்ற முடிவை அது ஆடுபவரிடமே விடுகிறது. புதிதாக விதி எழுதுவோர் மனத்தாக்குதலை வகுக்கும் அதே பக்கத்தில் இத்தகைய ஒரு முடிவுக்கும் இடம் வைக்க வேண்டும்.