வந்த புள்ளும் நின்ற நிலமும்

ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் பிறநிலத்திற்கு வரின், வந்த நிலத்திற்கே உரியவாகும் என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. நிலக்காட்சி நிழற்படங்களை மதிப்பிடவும் இவ்விதி பயன்படும். தாம்பரத்திற்குக் கிழக்கே, 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைக் காட்டும் படங்கள் பலவற்றில், வலசை வரும் பூநாரைகள் நீர்ப்பரப்பில் நிறைந்து பொலிகின்றன. அச்சதுப்பிலேயே பல்லாண்டுகள் குப்பை கொட்டப்பட்ட பெருங்குடி மேடோ படத்திற்கு வெளியே நின்றுவிடுகிறது. விரும்பியதைத் தேர்ந்து காட்டல் கலைஞன் உரிமை அன்றோ எனின், உண்மையே. புலவனும் தேர்ந்தே பாடினான். ஆயினும் அவன் பாடிய புள் தன் நிலத்தையும் உடன் உணர்த்தியது. இப்படங்களின் பூநாரையோ எந்நாட்டு நீர்நிலைக்கும் பொருந்துவதாய் நிற்கிறது. கருப்பொருள் உளது, முதற்பொருளாகிய நிலம் இல்லை. ஆதலின், குப்பைமேடும் உடன் தோன்ற எடுத்த படமே பள்ளிக்கரணையின் படம் எனத் துணியலாம்.