நீலிக் கண்ணீர்: ஒரு மரபுத்தொடரின் தீர்ப்பு

நீலிக் கண்ணீர் என்பது பொய்யழுகையைக் குறிக்கும் தமிழ் மரபுத்தொடர். திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள பழையனூரில் வழங்கும் நீலி கதையிலிருந்து பிறந்தது. ‘நீலிக் கண்ணீர் வடித்தல்’ என்னும் வடிவில் பேச்சிலும் எழுத்திலும் இன்றும் வாழ்கிறது. பள்ளிப் பயிற்சிகளில் இதற்குப் பொருள் ஒற்றைச் சொல்லாகக் கற்பிக்கப்படுகிறது. தொடர் பிறந்த கதையை முழுமையாகப் படித்தால் அந்தப் பொருள் கதையின் ஒரு பாதியை மட்டுமே சொல்கிறது என்பது தெரியும்.

தொடரின் அமைப்பு

சொல்லமைப்பில் இது ‘நீலியினது கண்ணீர்’ என விரியும் ஆறாம் வேற்றுமைத் தொகை. பயன்பாட்டில் இது உவமையாகச் செயல்படுகிறது. ஒருவர் நீலிக் கண்ணீர் வடிக்கிறார் என்றால், நீலி வடித்தது போன்ற கண்ணீரை வடிக்கிறார் என்பது கருத்து. ‘போன்ற’ என்னும் உவம உருபு மறைந்திருக்கிறது.

தொல்காப்பிய உவமையியல் உவமையின் அடிப்படைகளாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கைச் சொல்கிறது. இத்தொடரில் ஒப்புமை வினையில் அமைகிறது. பிறரை நம்பவைக்க அழுதல் என்பதே அந்த வினை.

வஞ்சகமான பெண்ணை ‘நீலி’ என்று மட்டும் ஏசும் வழக்கும் உண்டு. அழகிய பெண்ணைப் ‘பாவை’ என்பது போல, இது உவமையாகுபெயர். கதை மறந்துபோன பிறகும் வசை நிற்கிறது.

பழையனூர் கதை

கதைக்குப் பல வடிவங்கள் உள்ளன. பெயர்களும் நிகழ்ச்சிகளும் வடிவத்துக்கு வடிவம் வேறுபடுகின்றன. தொண்டை நாட்டில் பரவலாக வழங்கும் வடிவத்தின் சுருக்கம் இது:

காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் காசிக்குச் செல்கிறான். ஏற்கெனவே மணமானதை மறைத்து அங்கே ஒரு பெண்ணை மணக்கிறான். அவளை அழைத்துவரும் வழியில், திருவாலங்காட்டுக்கு அருகே கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவள் நீலி என்னும் பேயாகிப் பழி தீர்க்கக் காத்திருக்கிறாள்.

வணிகன் பழையனூருக்கு வரும்போது நீலி அவன் மனைவியின் உருவில் தொடர்கிறாள். கள்ளிக் கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். கணவன் தன்னைக் கைவிட்டதாக ஊர் அவையின் முன் அழுகிறாள். அவளைத் தனக்குத் தெரியாது என்று வணிகன் மறுக்கிறான். குழந்தையோ அவனிடம் ஒட்டிக்கொள்கிறது. அவையிலிருந்த வேளாளர் எழுபது பேரும் அவள் அழுகையை நம்புகிறார்கள். வணிகன் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் தாங்களும் உயிர்விடுவதாக வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். இரவில் நீலி அவனைக் கொன்று மறைகிறாள். எழுபது பேரும் தீப்பாய்ந்து வாக்கைக் காக்கிறார்கள். அவர்கள் தீப்பாய்ந்த இடம் அங்கு இன்றும் காட்டப்படுகிறது.

இலக்கியப் பதிவுகள்

7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இக்கதையின் சுவடு உள்ளது. வஞ்சனையால் ஓர் உயிரைக் கொண்ட ஒருத்தியைப் பற்றிக் கேட்டு அஞ்சும் ஊராகப் பழையனூர் அங்கே வருகிறது. அவள் பெயர் சொல்லப்படவில்லை.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், பெரியபுராணத்தின் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் தொண்டை நாட்டின் பெருமையைப் பாடுகிறார். பழையனூரார் வணிகனுக்குக் கொடுத்த சொல்லை உயிர் கொடுத்துக் காத்ததை அங்கே போற்றுகிறார்.

சம்பந்தர் பாடலில் வஞ்சனை இருக்கிறது. சேக்கிழார் பாடலில் வாய்மை இருக்கிறது. முற்பிறவிக் கொலை இரண்டு பாடல்களிலும் இல்லை. மரபுத்தொடரும் இந்த அவையின் பக்கத்திலிருந்தே நீலியைப் பார்க்கிறது. அவை கண்டது அழுகையும் மறுநாள் காலைப் பிணமும்தான்.

இருபொருள் தரும் அழுகை

கதையின் இலக்கிய வலிமை, நீலி அவையில் சொல்லும் சொல்லில் இருக்கிறது. ‘இவன் என் கணவன், என்னைக் கைவிட்டான்’ என்பது அவள் முறையீடு. இந்தப் பிறவியின் கணக்கில் அது முழுப்பொய். முற்பிறவியின் கணக்கில் அது மெய். நடந்ததைக் குறைத்துச் சொன்ன மெய்யும்கூட. கைவிட்டதோடு அவன் நிற்கவில்லை, கொன்றான். ஒரே கூற்று அவையோருக்கு ஒரு பொருளும் கதை கேட்போருக்கு இன்னொரு பொருளும் தருவதை நாடக முரண் என்பர். நீலி கதை இந்த உத்திக்கு நல்ல எடுத்துக்காட்டு.

கள்ளியும் அப்படியே. தென்மாவட்ட வில்லுப்பாட்டு வடிவங்களில், கொலை நடக்கும் இடத்தில் நிற்கும் கள்ளிச்செடியைத்தான் அந்தப் பெண் சாட்சியாக அழைக்கிறாள். பின்னர் அந்தக் கள்ளியே குழந்தையாகி அவைக்கு வருகிறது. அவை பார்ப்பது போலிக் குழந்தை. கதை அறிந்தவருக்கு அது கொலையைக் கண்ட ஒரே சாட்சி.

முதலைக் கண்ணீர் என்னும் தொடரும் நீலிக் கண்ணீர் என்னும் தொடரும் ஒரே பொருளுடையனவாகக் கற்பிக்கப்படுவது இதனால்தான் பொருந்தவில்லை. இரையைத் தின்றுகொண்டே அழுவதாகச் சொல்லப்படும் முதலைக்கு இரையின்மேல் எந்த வழக்கும் இல்லை. நீலிக்கு வழக்கு உண்டு. அதைக் கேட்க அவைதான் இல்லை.

இதற்கு மறுப்பும் சொல்லலாம். வணிகன் இந்தப் பிறவியில் குற்றமற்றவன். எழுபது பேர் நல்லெண்ணத்தால் மாண்டார்கள். நீலி அவர்களை ஏமாற்றியது உண்மை. எனவே தொடர் அவள் செயலைத் தவறாகப் பெயரிடவில்லை. செயலின் காரணத்தை மட்டும் விட்டுவிட்டது. உவமை ஒன்றைக் காட்டும்போது மற்றொன்றை மறைக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

வேறு இரு பெண்கள்

பழையனூர் நீலிக்குத் தமிழ் இலக்கியத்தில் இன்னொரு வாழ்வும் கிடைத்தது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, அவளைத் தலைவியாகக் கொண்ட சமண நூல். முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்தவும் மயக்கவும் வரும் நீலி, தோற்று, அறம் கேட்டு, கொல்லாமையை ஏற்கிறாள். பின்னர் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதிகள் முதலியோரோடு வாதிட்டு வெல்கிறாள். குண்டலகேசியின் வாதங்கள் பலவற்றை இன்று அறிய முடிவதும் இந்நூலால்தான். 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் இதை வாமன முனிவரின் உரையுடன் பதிப்பித்தார். ஊர் அவையில் அழ மட்டுமே முடிந்த பெண்ணுக்கு, இந்நூலின் ஆசிரியர் பல அவைகளில் பேச இடம் கொடுத்தார்.

இரண்டாமவர் காரைக்கால் அம்மையார். கணவன் பிரிந்துசென்று வேறொருத்தியை மணந்த பின், அழகை உதறிப் பேயுருவம் பெற்றவர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டை இரண்டு பதிகங்களில் பாடியவர். தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்று தாமே அழைத்துக்கொண்டார். கணவரால் வாழ்வு முறிந்த இரண்டு பெண்கள் பேயானார்கள். ஒருவர் அம்மை எனப்பட்டார், மற்றவள் பெயர் வசையானது. அம்மையார் தம் சொல்லில் பாடினார்; நீலியின் கதையை ஊர் சொன்னது.

மதிப்பீடு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையால் அறியப்படும் திருவள்ளூர் மாவட்டம், தமிழ்ப் பேச்சுக்கு அளித்த கொடைகளுள் நீலிக் கண்ணீரும் ஒன்று. மரபுத்தொடரைக் கற்போர் ‘பொய்யழுகை’ என்னும் பொருளோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கற்கலாம். உவமையாக வந்திருப்பவர் யார்? ஒப்புமை எந்த வினையில் அமைகிறது? அந்த ஒப்புமை யாருடைய பார்வையிலிருந்து சொல்லப்படுகிறது?

மூன்றாவது கேள்வி அணியிலக்கணத்தின் எல்லையைத் தாண்டுவது. ஆயினும் அதைக் கேட்காமல் இத்தொடரை ஆளும்போது, பழையனூர் அவையின் தீர்ப்பே மீண்டும் வழங்கப்படுகிறது. ஒரு பெண்ணின் முறையீட்டை ‘நீலிக் கண்ணீர்’ என்று ஒதுக்குவோர், நீலியும் முதலில் கொல்லப்பட்டவள் என்பதை நினைவில் கொள்வது நல்லது.