கிணற்றில் இறங்கியது யார்?

நான் படித்த நெய்வேலி வரலாறுகள் எல்லாம் ஒரு கிணற்றிலிருந்துதான் தொடங்குகின்றன. 1935-ல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டினார், கருப்பாக ஏதோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி. அப்புறம் 1956-ல் கம்பெனி, 1957-ல் நேரு வந்து தொடங்கி வைத்த சுரங்கம். சரி, வெட்டினது முதலியாரா? கடப்பாரை பிடித்தவன், மண் சுமந்தவள் பெயர் ஒரு வரியிலும் இல்லையே.

பழைய தென்னாற்காட்டின் அந்தப் பக்கம் நெய்வேலி, இந்தப் பக்கம் எங்க மரக்காணம். இங்கேயும் அளம் குத்தகை எடுத்தவர் பெயர்தான் ஏட்டில் இருக்கும். உப்பு வாரி வெந்த காலுக்குப் பெயர் கிடையாது. உப்புக்காவது 1979-ல் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வந்தது. தூத்துக்குடி அளத்தை வெளியிலிருந்து வந்து பார்த்த கண்தான். கூலியைப் பேசுகிற அளவுக்குச் சாதியைப் பேசவில்லை என்கிற மனத்தாங்கல் எனக்கு உண்டு. இருந்தாலும் கூலிக்காரர்களை நடுவில் உட்கார வைத்த நாவல்.

நெய்வேலிக் கதையில் இன்னொரு சாமர்த்தியம், 'நிலம் கொடுத்தவர்கள்' என்கிற சொல். பட்டா இருந்தால்தானே கொடுக்கிறதுக்கு? சேரியில் பலருக்கும் நடவும் அறுப்பும்தான் சொத்து. நிலம் சுரங்கத்துக்குப் போனால் அதுவும் கூடவே போகும். மரத்துக்கும் கிணற்றுக்கும் விலை போடுகிற சர்க்கார், போன வேலைக்கு என்ன விலை போட்டது?

2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் மண்வாரி எந்திரம் இறங்கியது. பத்திரிகைகள் நிலக்காரரின் கண்ணீரை எழுதின. நியாயமான கண்ணீர்தான். அந்த நாற்றை நட்ட கூலிப் பெண்களை நான் பார்த்த செய்திகளில் காணவில்லை.