மாண்டவர் மீளும் நாடு

நூல்களையும் அவற்றை ஆக்கியோரையும் எடைபோடுவதே இத்தகைய பக்கங்களின் வழக்கம். நாம் இங்கு எடுத்துக்கொண்டிருப்பதோ நூலன்று; ஏட்டில் எழுதப்படாத, மேடையில் நடிக்கப்படாத ஒரு கதை. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்பது அதன் பெயர். அமெரிக்க நாட்டுப் பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பர் 23ஆம் நாள் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. 2010ஆம் ஆண்டில் இதற்குச் சந்தா செலுத்தியோர் தொகை 1 கோடியே 20 லட்சத்தை எட்டியது. இத்தனை பேர் ஒரே காலத்தில் சேர்ந்து நுழைந்த கதையுலகம் ஒன்றை, இலக்கியம் கற்றோர் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட்டுச் செல்வது முறையாகாது. நம் இல்லத்துப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு எந்த நாட்டில் உலவி வருகிறார்கள் என்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். விளையாடும் இளைஞர்களின் அருகமர்ந்து பல மாலைகள் பார்த்தும் கேட்டும் அறிந்துகொண்டவற்றைக் கொண்டே இதனை எழுதுகிறோம்.

அசெராத் என்னும் கற்பனை உலகமே கதையின் களம். தொடக்கத்தில் அதற்கு இரு பெருங்கண்டங்கள். மாந்தர் இரு அணியினர்: அலையன்ஸ் ஓர் அணி, ஹோர்டு மற்றோர் அணி. முன்னதில் மனிதரும் குள்ளரும் இரவு எல்ஃப் இனத்தாரும் ஒருபுறம் நிற்க, பின்னதில் ஓர்க், டாரன், டிரோல் என்னும் இனத்தாரும் செத்தும் சாகாதாரும் மறுபுறம் நிற்கின்றனர். விளையாட வருபவர் தமக்கென ஓர் இனத்தையும், வீரர், வேடர், மருத்துவம் புரியும் குரு என்றாற்போல ஒரு தொழிலையும் தேர்ந்து, ஒரு பெயர் சூடி, முதற்படியிலிருந்து புறப்படுகிறார். அந்நாளில் அறுபதாம் படியே உச்சி. வழியெங்கும் தலைக்கு மேல் மஞ்சள் நிற வியப்புக்குறி மின்ன நிற்கும் ஊரார், இன்ன விலங்கைப் பத்து கொன்று வா, இன்ன கடிதத்தை இன்னாரிடம் சேர்ப்பி என்று பணி ஏவுகின்றனர்.

எதிரணியார் பேசுவது இவ்வணியாருக்கு விளங்காது. ஓர் ஓர்க் தட்டச்சிடும் சொற்கள் மனிதனின் திரையில் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே வந்து விழும். இருவரும் மெய்யுலகில் ஒரே தெருவில் வாழ்பவராயினும் சரியே. பகைவனிடம் பேச வழியே இல்லாதபோது பகைமை நீடிப்பதற்கு வேறு காரணம் எதற்கு? ஆக்கியோர் இதை வேண்டுமென்றே செய்தனர். கலைநோக்கில் அது கூர்மையான ஏற்பாடு என்பதை ஒப்பத்தான் வேண்டும். இரு அணியாரும் ஒரே குழுவாகச் சேர்ந்து போரிட இடம் தரப்பட்டது 2022இல்தான்.

இத்தகைய விளையாட்டைப் பற்றி நம்மவரிடையே பேச்செழுந்தால் முதலில் கேட்கப்படுவது, இதில் உருவங்கள் உள்ளனவே, சூனியம் உள்ளதே என்பதாம். அக்கேள்வி தள்ளத்தக்கதன்று; ஆயினும் அது முதற்கேள்வியுமன்று. கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் இராமுழுதும் ஓதக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. ஜின்களும் பூதங்களும் கதையில் வந்தமையால் எவர் ஈமானும் குன்றிவிடவில்லை. நாம் கேட்க விழைவது வேறு. இவ்வுலகில் செய்யும் செயலுக்கு எடை உண்டா?

ஆக்கியோர் எழுதிய கதையைமட்டும் கொண்டு பார்த்தால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. வீரன் மாண்டால் அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் ஆவியாய் எழுகிறான். தன் உடல் கிடக்குமிடத்துக்கு ஓடிச்சென்று அதற்குள் புகுந்துகொள்கிறான். இழப்பு, கவசத்தைச் செப்பனிடும் சிறு கூலியே. (பர்ஸகைப் பற்றிக் கிதாபுகளில் பாடம் கேட்டவருக்கு இந்த ஓட்டம் நகைப்பையே தரும்.) பகைவனுக்கும் இதே சலுகை. நெருப்பரசன் ராக்னரோஸை நாற்பது பேர் கூடி வீழ்த்தினால், அடுத்த வாரம் அவன் அதே நெருப்புக் குளத்திலிருந்து அதே சொற்களைப் பேசிக்கொண்டு எழுவான். காப்பாற்றப்பட்ட ஊரின் தலைவன், அடுத்து வருபவனிடமும் தன் ஊரைக் காப்பாற்றுமாறு மன்றாடுவான். காலம் அங்கே நகர்வதில்லை. மீளாத நிகழ்ச்சி ஒன்றேனும் இல்லாத கதைக்குக் கதை என்ற பெயர் பொருந்துமா?

ஆனால் ஆக்கியோர் எழுதியது பாதிக் கதைதான். மறுபாதியை எழுதியவர்கள் விளையாட வந்தவர்கள். அப்பாதியில் இழப்பு உண்டு. ஆகவே அப்பாதியில் கதையும் உண்டு.

பங்கீட்டை எடுத்துக்கொள்வோம். ராக்னரோஸின் குகையில் அவனோடு சேர்த்துப் பெரும்பகைவர் பத்துப் பேர். ஒவ்வொருவனையும் வீழ்த்த நாற்பது பேர் வேண்டும்: அடியைத் தன்மேல் தாங்கி நிற்பவர் சிலர், காயம் ஆற்றுபவர் சிலர், தாக்குவோர் மற்றையோர். ஒருவர் கவனம் பிசகினால் நாற்பதின்மரும் மடிவர். பல மணி நேரம் இவ்வாறு போராடிய பின், வீழ்ந்தவனிடமிருந்து கிடைப்பதோ இரண்டு மூன்று பொருள்களே. நாற்பது பேருக்கு மூன்று வாள்! யாருக்குச் சேரும்? பகடை உருட்டிக்கொள்ளும் முறை விளையாட்டிலேயே இருந்தது. குழாங்கள் அதில் மனநிறைவு கொள்ளவில்லை. இதற்கு முன்னோடியான எவர்குவெஸ்ட் என்னும் விளையாட்டில், இரு நாகங்களைக் கொன்று பெற்ற பொருளைப் பிரிப்பதற்காக விளையாடியோரே ஒரு கணக்கு முறையை வகுத்திருந்தனர். வந்து உழைத்தவருக்குப் புள்ளி. பொருள் வேண்டுபவர் அப்புள்ளியைச் செலவிட்டுப் பெறுவார். அதையே இங்கும் கொண்டுவந்தனர். தாமதமாய் வந்தவருக்கு எவ்வளவு, காயம் ஆற்றியவருக்கும் வாள் வீசியவருக்கும் ஒரே பங்கா, முயன்று தோற்ற இரவுக்குப் புள்ளி உண்டா என்று அவர்கள் தொடுத்த வாதங்கள் கொஞ்சமல்ல.

ஃபிக்ஹ் பயின்றோர்க்கு இந்த வாதம் புதிதன்று. திருமறையின் 'அல் அன்ஃபால்' அத்தியாயம் தொடங்குவதே போரிற்கிடைத்த பொருள் பற்றிய வினாவைக் கொண்டுதான். ஐந்தில் ஒரு பங்கு நீங்கலாக எஞ்சியதை வீரர்க்குப் பகிர்கையில், குதிரை வீரனுக்கு மூன்று பங்கு என்பார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). இரண்டே என்பார் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). பங்கிடுமுன் எடுத்துக்கொள்வதற்கு 'குலூல்' என்று பெயர். கைபர்ப் போரின் பொருளிலிருந்து ஒரு போர்வையை அவ்வாறு எடுத்த ஒருவர் அம்பு பட்டு மடிந்தபோது, மக்கள் அவருக்குச் சுவனம் வாய்த்ததென்று வாழ்த்த, நபிகள் நாயகம் (ஸல்) அதனை மறுத்து அப்போர்வையே அவர்மீது நெருப்பாய் எரிவதாக எச்சரித்த செய்தி ஹதீஸ் கற்ற யாவரும் அறிந்தது. அசெராத்திலும் குலூல் இருந்தது. பொருளைப் பகிரும் பொறுப்பை ஒப்படைக்கப்பெற்றவனே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு மறைந்துவிடுவதுண்டு. அவனுக்கு 'நிஞ்சா' என்று பெயர். அவன் பெயர் அந்த சர்வர் முழுதும் பரவும். பிறகு எக்குழாமும் அவனைச் சேர்க்காது. வாள் பொய், ராக்னரோஸ் பொய், ஆனால் ஏமாற்றப்பட்ட முப்பத்தொன்பது பேரின் உழைப்பும் நம்பிக்கையும் மெய்யல்லவா? அமானத்தை முறிப்பது அங்கும் அமானத்தை முறிப்பதே.

நிறுவனம் இதன் அருமையை உணர்ந்ததாகத் தெரியவில்லை. 2009 டிசம்பரில், பொத்தானை அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐவரைக் கணினியே சேர்த்துக் கொடுக்கும் வசதி வந்தது. அதன் முன்பு நகர வாயிலில் நின்று ஆள் தேடி, பேசி, நடந்து குகைக்குச் செல்ல வேண்டும். ஆகவே நற்பெயர் ஒருவருக்கு முதலாயிருந்தது. வசதி வந்த பின், இனி ஒருபோதும் சந்திக்கப்போகாத நால்வரோடு ஒரு சொல்லும் பேசாது போரிட்டுப் பிரிந்துவிடலாம். 2018இல் தலைவன் பொருளைப் பகிரும் முறையையே எடுத்துவிட்டு, அவரவர்க்குக் கிடைப்பதைக் கணினி குலுக்கிக் கொடுக்கும்படி செய்தனர். அநீதிக்கு வழியடைந்தது மெய்தான். நீதி செலுத்தும் வழியும் அத்துடன் அடைந்தது. (2022இல் இம்முடிவைப் பெருமளவு மாற்றிக்கொண்டனர்.)

பொற்காசு வாணிகத்தையும் ஒருவாறு தொட்டுச் செல்வோம். விளையாட்டின் காசை மெய்ப்பணத்துக்கு விற்பது குற்றமென நிறுவனம் விலக்கியிருந்தது, விற்றவர்களை வெளியேற்றியது. 2015இல் தானே ஒரு வில்லையை மெய்ப்பணத்துக்கு விற்று, அதனைப் பொற்காசாக மாற்றிக்கொள்ளலாம் என்றது. கடைத்தெருவில் இதற்கு ஒரு பெயர் உண்டு. நாம் அதை எழுதவில்லை.

இனி, இக்கதையின் மிகச் சிறந்த அத்தியாயத்துக்கு வருவோம். அதனை எழுத எவரும் எண்ணியிருக்கவில்லை. 2005 செப்டம்பரில் ஸுல்குருப் என்னும் புதிய களம் திறக்கப்பட்டது. அங்குள்ள ஹக்கார் என்னும் பகைவன், தன்னோடு பொருதுவோர் குருதியில் ஒரு நச்சு நோயை ஏற்றுவான். அது அருகிலிருப்போரையும் தொற்றும். நோய் அக்களத்துக்குள்ளேயே நிற்கும் என்பது ஆக்கியோர் கணக்கு. ஆனால் வேடர்களோடு திரியும் விலங்குகளை அவர்கள் நினைக்கவில்லை. நோயுற்ற விலங்கை வேடன் அங்கேயே மறையச் செய்து, நகரச் சந்தையில் திரும்ப அழைத்தால் நோயும் உடன் வந்தது. கணினியே இயக்கும் கடைக்காரர்கள் தாம் சாகாமல் நோயைமட்டும் பரப்பினர். உச்சிப்படியினர் ஓரளவு தாங்கினர். புதியவர் நொடியில் மடிந்தனர். ஓர்கிரிமார், அயர்ன்ஃபோர்ஜ் முதலிய நகர்களின் தெருக்கள் எலும்புக்கூடுகளால் நிறைந்தன. நிறுவனம் நோயுற்றோரைப் பிரித்து வைக்க முயன்றது, மக்கள் கட்டுப்படவில்லை. இறுதியில் நிரலைத் திருத்தியே நோயை ஒழித்தனர்.

அந்நாள்களில் மக்கள் நடந்துகொண்ட விதம் நான்கு வகைப்படும். சிலர் நகரைவிட்டு ஓடினர். அவர்களோடு நோயும் ஓடியது. சிலர் வேடிக்கை பார்க்க வந்து தாமே நோயுற்றனர். சிலர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் நோயைக் கொண்டுபோயினர். வேறு சிலர், காயம் ஆற்றும் ஆற்றலுடையோர், நகருக்குள் நின்று முன்பின் அறியாதவர்க்கு மருத்துவம் செய்தனர். எரிக் லோஃப்கிரென், நீனா ஃபெஃபர்மன் என்னும் ஆய்வாளர் இருவர், மெய்யான கொள்ளைநோய்க் காலத்து மக்களின் போக்கை அறிய இது உதவுமென்று 2007இல் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் எழுதினர். 2020ஆம் ஆண்டைக் கடந்து வந்த நமக்கு, இந்நான்கு வகையாரையும் அடையாளம் காட்ட எந்த ஆய்வாளரும் வேண்டுவதில்லை.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருந்தபோது, அங்கு சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) ஸர்ஃ என்னுமிடத்தில் நின்று ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவெடுத்தார். இறைவன் விதியிலிருந்து ஓடுகிறீரா என்று அபூ உபைதா (ரலி) வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) விடையளித்தார். நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருப்போர் அதிலிருந்து வெருண்டோடவும் வேண்டாம் என்னும் நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து எடுத்துரைத்தபின் அவர் உள்ளம் அமைதியுற்றது. அபூ உபைதாவோ (ரலி) தம் படையினருடன் இருந்து அந்நோயிலேயே உயிர் நீத்தார். அவ்விடத்தில் நிற்பதன் எடையை இதனோடு வைத்துப் பார்த்தால்தான் அசெராத்தின் குறை நன்கு புலனாகிறது. அங்கு மருத்துவம் செய்தவன் தன்னுயிரை வைத்துச் செய்யவில்லை. நோயைப் பரப்பியவனும் அதனால்தான் சிரித்துக்கொண்டே பரப்பினான். சாவு மலிந்த இடத்தில் தீமை விளையாட்டாகிவிடுகிறது. எனினும், மாண்டாலும் ஒன்றுமில்லாத இடத்திலும் சிலர் அயலானுக்காக நின்றார்கள் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

விளையாடியோரே இக்குறையை உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று உண்டு. 2010 நவம்பரில் நிறுவனம் அசெராத்தின் பழைய நிலப்பரப்பை ஒரு பேரழிவின் பேரால் மாற்றியமைத்தது. அரபுக் கவிஞன் பாழ்பட்ட கூடார மேட்டில் நின்று அழுவதுபோல் பலர் பழைய நாட்டை எண்ணி ஏங்கினர். 2019 ஆகஸ்டில் அது அவர்களுக்கு மீட்டுத் தரப்பட்டது. அரபுக் கவிஞனுக்கு அது வாய்க்கவில்லை. அவன் கவிதை நிலைத்ததற்கும் அதுவே காரணம். பின்னர் சிலர், ஒருமுறை மாண்டால் அவ்வீரனை மீண்டும் எழுப்புவதில்லை என்று தமக்குத்தாமே விதி வகுத்து விளையாடத் தொடங்கினர். 2023 ஆகஸ்டில் நிறுவனமே அதற்கெனத் தனி சர்வர்கள் திறந்தது. அங்கே பல நூறு மணி நேரம் வளர்த்த வீரன் ஓர் ஓநாயின் கடியில் மடிந்தாலும் அவ்வளவுதான். ஒவ்வொரு புதரையும் நோக்கி நடக்கிறார்கள் என்று அதைப் பார்த்த இளைஞர் ஒருவர் நம்மிடம் சொன்னார். இருபது ஆண்டுகளில் அக்கதைக்கு நேர்ந்த மிக நல்ல திருத்தம் அதுவே என்பது நம் கருத்து.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்றோர் இளைஞர் இருந்தார். தசைகள் நாளும் நலிந்துபோகும் பிறவி நோய் அவருக்கு. சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். 2014இல், இருபத்தைந்தாம் வயதில், காலமானார். நட்பின்றி, உறவின்றித் தனியறையில் விளையாடியே மகன் காலம் கழிந்ததென்று பெற்றோர் வருந்தியிருந்தனர். அவர் எழுதிவந்த வலைப்பதிவில் தந்தை அம்மரணச் செய்தியை இட்டபோது, பல நாடுகளிலிருந்து மடல்கள் வரத் தொடங்கின. அசெராத்தில் 'இபெலின்' என்ற பெயரில் ஓடித்திரிந்த அவர், தாயோடும் தோழரோடும் மனம் முறிந்திருந்த பலருக்கு வழி சொல்லி ஆற்றியிருந்தார். அக்குழாத்தார் பலர் அவர் முகத்தை ஒருமுறையும் கண்டதில்லை. அவர்களுள் சிலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து ஓஸ்லோவுக்கு வந்து நல்லடக்கத்தில் நின்றார்கள்.